கீழே பிடித்தவன்

காலை பத்து மணிக்கு அந்தப் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்னால் வேன் வந்து நின்றது. டெலிவரி ஆட்கள் இருவர் இறங்கினார்கள். மூத்தவன் நேரே மாடிப்படிக்குப் போய் அண்ணாந்து பார்த்தான். ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி, நடுவில் குறுகலாக ஒரு திருப்பம். லிஃப்ட் கிடையாது. வாஷிங் மெஷின் போக வேண்டியது நான்காவது மாடிக்கு.

"மாப்ளே, படியேறியை இறக்கு" என்றான்.

இளையவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே இறக்கினான்.

படியேறி என்பது கடை ஆட்கள் வைத்த பெயர். நெஞ்சு உயரத்தில் கைப்பிடி, அடியில் ஒரு மோட்டார், பேட்டரி, இறுக்கிக் கட்ட இரண்டு பெல்ட். பொத்தானை அழுத்தினால் அடியிலிருந்து இரும்புக் கால் நீண்டு, கட்டிய பாரத்தோடு ஒரு படி மேலே ஏறி உட்காரும். பிறகு அடுத்த படி. ஆள் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். ஒரே குறை, வேகம் கிடையாது. நான்கு மாடிக்கு இருபது நிமிடம் பிடிக்கும். கையால் தூக்கினால் ஏழே நிமிடம்.

கடை முதலாளி அதைப் பெரிய மனதோடுதான் வாங்கிக் கொடுத்திருந்தார். ஆனால் வந்த நாளிலிருந்து குடோன் மூலையில் கிடந்தது. அதை எடுத்தவன் இந்த மூத்தவன் மட்டும்தான். அதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். ஏனென்றால் அவனுக்குப் பெயரே 'தூண்'. ஒருமுறை மேலே பிடித்தவன் கை நழுவவிட்டபோது, முழு ஃப்ரிட்ஜையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு தனி ஆளாக நின்றவன் அவன்.

படியில் சாமான் ஏற்றும்போது மேலே ஒருவன் பிடிப்பான், கீழே ஒருவன் பிடிப்பான். மேலே பிடிப்பவன் வழி சொல்வான். பாரத்தில் முக்கால்வாசி கீழே இருப்பவன் தலையில்தான் விழும். பதினான்கு வருடமாகத் தூண் கீழேதான் பிடித்தான். இளையவன் அவன் மனைவியின் தம்பி. தூண்தான் சொல்லி அவனை வேலையில் சேர்த்துவிட்டான். மேல்பக்கத்தையும் அவனுக்கே விட்டுக்கொடுத்திருந்தான்.

அன்று நான்காவது மாடியில் வீட்டுக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, படியேறி 'டக்... டக்...' என்று வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். போன தடவை வேறொரு கடையில் வாங்கியபோது ஒரே ஆள் முதுகில் வைத்துத் தூக்கி வந்துவிட்டதாகச் சொன்னார். தூண் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தான். மைத்துனன் மட்டும் அவரைப் பார்த்து அசடு வழியச் சிரித்தான்.

தூண் அந்த மெஷினைத் தேடிப் போனதற்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதமாக இடது காலில் சுளீர் சுளீர் என்று ஏதோ ஓடியது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இனிமேல் கனம் தூக்கினால் கால் உன் பேச்சைக் கேட்காது என்று கறாராகச் சொல்லி அனுப்பினார். வீட்டில் சுளுக்கு என்று சொல்லி மழுப்பினான். விஷயம் தெரிந்த ஒரே ஆள் மைத்துனன். ஒருநாள் வேனில் போகும்போது அவனிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

"கால்ல கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குடா. உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே. பயந்துடுவா."

அவனும் அக்காவிடம் மூச்சு விடவில்லை. கடையில் யாரிடமும் சொல்லவும் இல்லை. அதுவே பின்னால் வினையாயிற்று.

தினமும் காலையில் குடோன் வாசலில் ஆட்கள் கூடி நிற்பார்கள். எந்த வேன் எங்கே போக வேண்டும் என்று சூப்பர்வைசர் சீட்டைப் பிரித்துக் கொடுப்பார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒருவனைப் பிடித்துக் கேலி செய்யாமல் அவருக்குப் பொழுது விடியாது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தயாராக நிற்கிற கூட்டமும் உண்டு. நல்ல ஏரியா யாருக்கு, மோசமான ஏரியா யாருக்கு என்பது அவர் கையில் அல்லவா இருக்கிறது?

தூண் படியேறியை எடுக்க ஆரம்பித்த பதினோராம் நாள் அவன் முறை வந்தது.

"விஷயம் தெரியுமாப்பா? நம்ம தூணுக்கே முட்டுக் குடுத்தாச்சாம்" என்றார் சூப்பர்வைசர்.

சிரிப்பில் குடோனே அதிர்ந்தது. தூண் தலையைக் குனிந்துகொண்டு பெல்ட்டைச் சுருட்டினான். அதோடு போயிருக்கும். ஆனால் மைத்துனனுக்கு நாக்கு அரித்தது. வேலைக்கு வந்து ஒரு வருடமாகியும் அவன் சொல்லி நாலு பேர் சிரித்தது கிடையாது. அந்தச் சிரிப்பில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று தோன்றியது.

"இந்த மெஷின் வரும்னு அப்பவே தெரியாமப் போச்சு சார். தெரிஞ்சிருந்தா எங்க அக்காவை இதுக்கே கட்டிக் குடுத்திருப்போம்."

சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒருவன் சிரிப்புத் தாளாமல் அட்டைப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டான். சூப்பர்வைசர் மைத்துனன் தோளில் தட்டிக்கொடுத்தார். அங்கே எல்லோரையும்விட நீளமாகச் சிரித்தவன் தூண்தான். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வேனில் சாமான் ஏற்றும்போது, "படியேறியை ஏத்தட்டுமா மாமா?" என்று கேட்டான் மைத்துனன். கேட்கும்போதே அவன் உதட்டோரம் துடித்தது.

"வேணாம்" என்றான் தூண்.

டாக்டர் சொன்னது மைத்துனனுக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் ஏழு நிமிடத்தில் வேலை முடிந்தது, வீட்டுக்காரர்கள் பாராட்டினார்கள், மாமாவும் முனகவில்லை. சொன்ன அளவுக்கு ஒன்றும் இருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டான். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. படியேறி மறுபடியும் மூலைக்குப் போனது. தூணுக்குப் பழைய மரியாதை திரும்பி வந்தது.

நான்காவது வாரம் ஒரு வீட்டுக்குப் பெரிய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் போக வேண்டியிருந்தது. அதுவும் நான்காவது மாடிதான். மூன்று மாடி ஏறியாயிற்று. அதற்கு மேல் இருந்த திருப்பத்தில் ஃப்ரிட்ஜ் கைப்பிடிச் சுவரில் இடித்தது.

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க மாமா. விளிம்பு தட்டுது."

தூண் மூச்சை அடக்கித் தூக்கினான். அப்போது அவன் இடுப்புக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. சத்தமே இல்லை. இடுப்புக்குக் கீழே கால் இருக்கிற உணர்வே இல்லாமல் போயிற்று. கையை விட்டால் ஃப்ரிட்ஜ் தன்மேல் உருளும் என்று அவனுக்குத் தெரியும். நெஞ்சாலும் கன்னத்தாலும் அதைச் சுவரோடு அழுத்திக்கொண்டு நின்றான்.

மேலே இருந்தவனுக்கு அவன் முகம் தெரியவில்லை.

"என்ன மாமா, மூச்சு வாங்குதா? வேணும்னா படியேறியைக் கூப்பிடவா?" என்றான்.

பதில் வராததால் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். மாமாவின் கால்சட்டை நனைந்திருந்தது. படியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பதினான்கு வருடம் ஊர்ச் சாமானையெல்லாம் சுமந்த மனிதன், நடுப்பகலில், நாலு வீட்டு வாசலுக்கு நடுவில், தன்னை அறியாமல் சிறுநீர் கழித்துக்கொண்டு நின்றான்.

மைத்துனன் கத்தினான். மேல்மாடியிலிருந்து ஃப்ரிட்ஜ் வாங்கிய அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"கீறல் ஏதும் விழுந்துடலையே?" என்று கேட்டார்.

பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து ஃப்ரிட்ஜைத் தாங்கினார்கள். தூண் சுவரோடு சரிந்து படியில் உட்கார்ந்தான். இதை இப்படியே வழியில் விட்டுப் போகாதீர்கள், கையோடு மேலே கொண்டுவந்துவிடுங்கள் என்றார் அந்த அம்மாள். முதலில் ஃப்ரிட்ஜ் மேலே போனது. அதைச் சுவரோரம் நிறுத்தி, பிளக்கைச் சொருகி, விளக்கு எரிகிறதா என்றும் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் தூணை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே இறக்கினார்கள்.

அன்றே ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இடது பாதம் தொங்கியே போயிற்று. நடந்தால் தரையில் இழுபடும்.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே சூப்பர்வைசர் ஒரு தாளோடு வந்தார். விபத்தைப் பார்த்தவன் என்ற முறையில் மைத்துனன் மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். தூக்குவதற்கு மெஷின் இருந்ததா? இருந்தது. எடுக்க வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. வலி இருப்பதாக அவர் முன்பே யாரிடமாவது சொன்னாரா?

மூன்றாவது கேள்வியில் அவன் பேனா நின்றது. சூப்பர்வைசர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார்.

"சொன்னார்னு எழுதினா, தெரிஞ்சும் ஏன் தூக்க விட்டேன்னு உன்னைத்தான் கேப்பாங்க. ஒருத்தன் படுத்தாச்சு. நீயும் வீட்டுல உக்காந்தா உங்க அக்கா கதி என்னாகும்னு யோசி."

அவன் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மெஷின் இருந்தும் பயன்படுத்தாதது தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு, ஆகவே கடைக்குப் பொறுப்பில்லை என்று பத்தாம் நாள் கடிதம் வந்தது. மனைவி அதைக் கட்டிலோரம் நின்று இரண்டு முறை படித்தாள். அப்படியொரு மெஷின் இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். ஏன் எடுக்கவில்லை என்று புருஷனைக் கேட்டாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். விடாமல் கேட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டே குடோனில் நடந்ததை முழுக்கச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி பழம் வாங்கிக்கொண்டு வந்தான். அக்கா பழத்தை வாங்கவில்லை. அவனைக் கட்டிலுக்கு எதிரே நிற்கவைத்தாள்.

"அன்னைக்கு ஏதோ சொன்னியாமே. எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்களாமே. சொல்லு, நானும் சிரிக்கிறேன்."

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா கண்ணை மூடியிருந்தார். வேண்டாம் அக்கா என்று கெஞ்சினான். அவள் அசையவில்லை.

"என்னைப் பத்தின ஜோக்குதானே? எனக்குக் கேக்க உரிமை இல்லையா? சொல்லுடா."

அவன் சொன்னான். ஒவ்வொரு வார்த்தையாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அக்காவை மெஷினுக்குக் கட்டிக்கொடுப்பது என்றதும், மூலையில் விளையாடிக்கொண்டிருந்த நாலு வயது மகள் கலகலவென்று சிரித்துவிட்டாள். "அம்மாக்கு மெஷினோட கல்யாணமா?" என்று கேட்டாள். அந்த அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். காலில் வலி இருந்தது தனக்குத் தெரியும் என்பதையும், தாளில் இல்லை என்று எழுதியதையும் அவனே சொன்னான். அக்கா அவனைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை.

"கையால தள்ளிவிட்டிருந்தா கேஸாவது குடுத்திருப்பேன். நீங்க எல்லாரும் சேர்ந்து சிரிச்சே தள்ளிவிட்டுட்டீங்க. அதை நான் எங்க போய்ச் சொல்றது?"

மறுநாள் அவன் சூப்பர்வைசரைத் தாண்டி நேரே முதலாளி அறைக்குப் போனான். தான் எழுதியது பொய் என்று சொன்னான். சூப்பர்வைசர் கேலி செய்ததையும், வலி தெரிந்தே தானும் அதில் சேர்ந்துகொண்டதையும், கேலிக்குக் கூசித்தான் மாமா மெஷினை விட்டதையும் சொன்னான். முதலாளி சூப்பர்வைசரைக் கூப்பிட்டு விசாரித்தார். அப்படி எதையும் தான் சொன்னதாக ஞாபகம் இல்லை என்றார் அவர். அது பொய்யில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. தினமும் ஒருவனைக் கேலி செய்கிறவருக்கு எத்தனையைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்?

சூப்பர்வைசர் தன் இடத்திலேயே இருந்தார். ஆனால் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. இன்னும் நான்கு படியேறிகள் வந்தன. மாடிக்குப் போகிற கனமான சாமான் எதையும் கையால் தூக்கக் கூடாது, தூக்கினால் அனுப்பிய சூப்பர்வைசரையும் சேர்த்துக் கேட்பேன் என்று முதலாளி உத்தரவு போட்டார். முதல் வாரம் மைத்துனனைப் பார்த்துச் சிலர் இளித்தார்கள். அவன் பேட்டரியைச் சரிபார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். மாத முடிவில் இளித்தவர்களும் படியேறியோடுதான் போனார்கள்.

தூணுக்குக் கடையிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். டெலிவரி பற்றிப் புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்களுக்குப் போனில் பதில் சொல்ல வேண்டும். பாதத்துக்குப் பிளாஸ்டிக் பட்டை கட்டிக்கொண்டு காலையில் வந்து உட்காருவான். வருகிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஒருநாள் ஒருவர் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். மூன்றாவது மாடிக்குச் சாமான் வர கால் மணி நேரமாகிறதாம், அந்த மெஷின் நத்தை மாதிரி ஊர்கிறதாம், வந்திருக்கிறவர்கள் தடித்தடியாக ஆம்பிளைகள்தானே, ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் இந்நேரம் முடிந்திருக்காதா என்று கேட்டார்.

தூண் அவர் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டான்.

"மெதுவாத்தான் ஏறும் சார். நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கணும். மெஷின் சுமக்க வேண்டியதை மனுசன் சுமந்தா சீக்கிரம் முடிஞ்சிடும். கூடவே அந்த மனுசனும் முடிஞ்சு போவான். தயவு செஞ்சு அந்தப் பசங்களைக் கேலி பண்ணாதீங்க. ரோஷத்துல கையால தூக்கிடுவாங்க" என்றான்.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்டார் அவர்.

"சீக்கிரமா ஏத்தினவன்தான் சார் பேசறேன்."