பின்சீட்டுக்காரி

தயாளனின் கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டே இருக்கிறது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கைவிரித்து மூன்று வருஷம் ஆகிறது. வேறொருவர் என்றால் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார். இந்த மனுஷன், "கண்ணு போனா என்ன, கை இருக்குல்ல" என்று சேலையூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏரோப்ளேன் மாடல் கட்ட உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் மனைவி ரேணுகாம்பாளுக்குத் தரையில்தான் சாப்பாடு.

சாதாரண ப்ளேனா அது? டொரான் என்று நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு ராணுவத்தின் வேவு விமானம். மேலும் கீழுமாக இரண்டு இறக்கை. முன்னால் பைலட், பின்னால் பார்த்துச் சொல்ல ஓர் ஆள். முதலில் செய்ததற்கு இன்ஜின் போதவில்லை. பெரிய இன்ஜின் வைத்த பிறகுதான் உருப்பட்டதாம். தயாளனின் மாடலும் முதல் மோட்டாருக்குத் தரையை விட்டுக் கிளம்பவில்லை. பெரியதாக மாற்றி முடிப்பதற்குள் அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிச்சம்.

"ஒரே ஒரு தடவை நானே ஓட்டிடணும் ரேணு. நீ பின்சீட்டு, பாத்துச் சொல்லு. லெஃப்ட்டுன்னா ப்ளேனோட லெஃப்ட். அது நம்மளப் பாத்து வர்றப்போ உனக்கு மாறிடும், மறந்துடாத."

ஒரு வாரம் தோசை வார்த்துக்கொண்டே ஒப்பித்தாள்.

பக்கத்துத் தாம்பரத்தில் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் பறக்கவிட முடியாது. ஞாயிறு காலை இறக்கைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் படப்பை தாண்டி ஒரு வற்றிய ஏரிக்குப் போனார்கள்.

ப்ளேன் ஓடியது, எழுந்தது. "மேல போகுதுங்க!" என்று குதித்தாள் ரேணுகாம்பாள். ரிமோட்டைப் பிடித்திருந்த தயாளன் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

அது கரையோரம் திரும்பி இவர்களைப் பார்த்து வந்தது. அவளுக்கு வலப்பக்கம் கருவேல மரங்கள், இடப்பக்கம் வெறும் வெளி. சந்தோஷத்தில் ஒப்பித்ததெல்லாம் மறந்துபோயிற்று. "லெஃப்ட்டுங்க, லெஃப்ட்டு!" என்று கத்தினாள். அவர் சொன்னபடியே திருப்பினார். ப்ளேன் நேராக மரத்தில் போய்ச் சொருகிக்கொண்டது.

மோட்டார் சத்தம் நின்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீ சரியாத்தான் சொன்ன. என் விரல்தான் மாத்தித் தள்ளிடுச்சு," என்றார். "கண்ணோட கையும் போச்சு ரேணு."

"ஐயோ, இல்லங்க! நீங்க சரியாத்தான் திருப்புனீங்க. நான்தான் என் லெஃப்ட்டைச் சொல்லிட்டேன். பாழாப்போன புத்தி, மறந்துட்டேன்!"

அவர் தடவி அவள் தோளைப் பிடித்தார். "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற. தெரியாதா எனக்கு?"

"நம்ம பொண்ணு மேல சத்தியங்க."

"சரி, சரி. அழாத."

வழியெல்லாம் அழுதுகொண்டே அதையே சொன்னாள். அவரும் நம்பியவர்போலத் தலையாட்டிக்கொண்டே வந்தார். மறுநாள் காலை காபியை நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, "நீயே குடிக்க வச்சிடு ரேணு, நான் கொட்டிடுவேன்," என்றார்.