உயிரோடிருந்தவருக்கு வைத்த ஒப்பாரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது நான் யோசித்து எழுதிய கதை அல்ல, திருடிய கதை. கிரீஸ் நாட்டு மானி மலையில் ஒரு பேய்ப்படம் எடுத்தார்கள். நான் அவர்களுக்குச் சாப்பாடு போட்டேன். பருப்புச் சூப் அண்டாவுக்குப் பின்னால் நின்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் எழுதிய முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'மலைமேல் இருள் கவிந்தபோது, பழிதீர்க்கும் தேவதைகள் மூவர் பூமியைப் பிளந்துகொண்டு...'

அடித்துவிட்டேன். அப்போது காலை பதினோரு மணி. தேவதைகள் மூவரும் நிழலில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். தலையில் நெளிந்த பாம்புகள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய்கள். ஒருத்திக்கு மட்டும் குழாய் போதாமல் சைக்கிள் டியூப்.*

(* மூவரும் உள்ளூர்க்காரிகள். இந்தத் தேவதைகளின் பெயரை வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்கே பயம். 'நல்ல மனசுக்காரிங்க' என்பார்கள்.)

2

பெண்டாட்டியை அடிக்கும் ஆண்களைத் தேடிப் புராணத்திலிருந்து கிளம்பி வரும் தேவதைகள், சிரிக்கச் சிரிக்கக் குடலை உருவுவார்கள். படம் அவ்வளவுதான். இயக்குநர் மெல்பொமேனி ஏதென்ஸ்காரி. ரத்தத்துக்குப் பீட்ரூட் சாறு போதும் என்று நம்புகிற சிக்கனக்காரி.

அன்றைய காட்சியில் ஒரு கொடுமைக்காரக் கணவன் சவப்பெட்டியில் கிடக்க, விதவை ஒப்பாரி வைக்க வேண்டும். பிணமாக நடிக்க வந்தவருக்கு வயிற்றுப்போக்கு. (என் சூப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) ஊரில் ஒருவரும் பெட்டிக்குள் படுக்கச் சம்மதிக்கவில்லை, லிகோரிஸைத் தவிர. ஏதென்ஸ் தியேட்டரில் அவர் மீசை சுவர் அளவுக்குத் தெரியும் என்று மெல்பொமேனி சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துவிட்டார்.

விதவையாக நடிக்க ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தவள் ஸ்டமாட்டா. லிகோரிஸின் சொந்த மனைவி.

3

இவளை எழுதுவதில்தான் எனக்குத் தகராறு. ஆண் குழந்தை பிறந்தால் துப்பாக்கி பிறந்தது என்று வானத்தைப் பார்த்துச் சுட்ட ஊரில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவள். ஸ்டமாட்டா என்றால் 'நிறுத்து' என்று அர்த்தம். நம் ஊர்ப் போதும்பொண்ணுக்குக் கூடப்பிறந்தவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'ஸ்டமாட்டா ஒரு வாயில்லாப் பூச்சி. அவள் கண்களில் எப்போதும்...'

பொய். ஊரின் பாதிப் பிணங்களைப் பாடி அனுப்பியவள் அவள். ஒப்பாரியில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. வீட்டுக்குள் மட்டும்தான் வாய் திறக்கமாட்டாள். ஒன்பது வருடத்துக்கு முன் மகள் எவாந்தியா, புருஷனிடம் அடிவாங்கிக் கிழிந்த உதட்டோடு வந்து வாசலில் நின்றாள். லிகோரிஸ் கதவைத் திறக்கவில்லை. அதன்பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டார். எனக்கு இதை எழுதும்போதுகூட அந்த ஆள்மீது ஆத்திரம் வருகிறது.

4

மெல்பொமேனி ஒரு தப்புச் செய்தாள். ஒப்பாரிக்கு வசனம் எழுதவில்லை.

"வழக்கமா பாடுற மாதிரி ரெண்டே நிமிஷம் பாடுங்கக்கா, போதும்" என்றாள்.

மானியில் ஒப்பாரி மனப்பாடப் பாட்டு அல்ல. எதிரே யார் கிடக்கிறார்களோ அவர்களைப் பற்றி, அந்த இடத்திலேயே கட்டுவது. உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் அனுப்ப வேண்டும். நடுவில் யாரும் நிறுத்தவும் கூடாது.

ஸ்டமாட்டா முக்காட்டை இழுத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள்.

"எந்திரிக்காத ராசா, படுத்துக்க,
காப்பி ஆறிப்போச்சுன்னு கத்த இனி வாயில்ல.
மீசைக்கு எண்ணெ தேச்ச நேரத்துல
மாட்டுக்குத் தண்ணி காட்டிருக்கலாம்..."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிணத்தின் மீசை துடித்தது.

"ஒதடு கிழிஞ்சு வந்த புள்ளைய
ஒரு பொழுது தங்க விட்டியா?
தாப்பாளப் போட்டவன் நீ,
தாப்பாளுக்குப் பின்னாடி
சும்மா நின்னவ நான்.
ஆசாரிகிட்ட சொல்லுங்க,
எனக்கும் ஒரு பெட்டி செய்யட்டும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"கட்! கட்!" என்றாள் மெல்பொமேனி.

சைக்கிள் டியூப் தேவதை அவள் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "வாய மூடுடி! ஒப்பாரிய பாதியில அறுத்தா அடுத்த எழவு ஒன் வீட்டுலதான்."

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. லிகோரிஸுக்கும் எழுந்திருக்கப் பயம்.

"ஞாயித்துக்கெழம எவாந்தியா வர்றா.
நான்தான் கூப்பிட்டேன்.
செத்தவன்கிட்ட யாரு உத்தரவு கேப்பா?"

5

முடிவுகள்.

(அ) லிகோரிஸ் எழுந்து அவளை அறைகிறார். தேவதைகள் ரப்பர் குழாயாலேயே அவரை வெளுக்கிறார்கள். கைதட்டல் நிச்சயம். ஆனால் நடக்கவில்லை.

(ஆ) ஒப்பாரி முடிந்து பார்த்தால் அவர் நிஜமாகவே செத்துக்கிடக்கிறார். மெல்பொமேனிக்குப் பிடித்த முடிவு இதுதான். மனுஷன் நேற்றுகூட என்னிடம் சூப்பில் உப்புக் குறைவு என்றார்.

(இ) நடந்தது: நாற்பது நிமிடம் கழித்து ஒப்பாரி ஓய்ந்தது. யாரும் பெட்டியின் அருகே போகவில்லை. லிகோரிஸ் கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்:

"ஞாயித்துக்கெழம எத்தன மணி பஸ்ஸு?"

இதோடு முடித்துவிட்டு நான் அழுதேன். நல்ல முடிவு என்ற பெருமை வேறு. கொண்டுபோய் ஸ்டமாட்டாவிடம் படித்துக் காட்டினேன். அவள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"ஒம்பது வருஷம் கழிச்சு ஒரு கேள்வி கேட்டுட்டான். ஒடனே கதைய அவன் கையில தூக்கிக் குடுத்துட்டியாக்கும்?"

"அப்போ எப்படிக்கா முடிக்கிறது? ஞாயித்துக்கெழம அவ வந்தாளா இல்லையான்னு படிக்கிறவங்க கேப்பாங்களே."

"கேக்கட்டும். வர்றதும் வராததும் அவ இஷ்டம். கூப்பிட வேண்டியவ நான், கூப்பிட்டுட்டேன். அதுக்கு மேல ஒரு வரி எழுதுன, அடுத்த ஒப்பாரி ஒனக்குத்தான். உசுரோடயே வைப்பேன்."

வைக்கக்கூடியவள்தான். என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததும் கொஞ்சநஞ்சம் இல்லை. அதனால் நான் எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமையை உங்களிடமே விட்டுவிடுகிறேன், எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணை மறுபடியும் வாசலில் மட்டும் நிறுத்திவைக்காதீர்கள்.