வாத்தியாருக்கு வைக்கும் அடி

எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்து வேனின் பின்பக்கத்தில் ஒரு லிஃப்ட் உண்டு. கதவைத் திறந்தால் இரும்புத் தட்டு ஒன்று தரைக்கு இறங்கும். சக்கர நாற்காலியோடு அதில் ஏறிக்கொண்டால் மேலே தூக்கி வேனுக்குள் விடும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, என்னைப் பாதி உயரத்துக்குத் தூக்கிய கையோடு அது உயிரை விட்டது. மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் முக்கால் மணி நேரம் துணிக்கடைப் பொம்மை மாதிரி தெருவுக்குக் காட்சி கொடுத்தேன். ஒரு புண்ணியவான் என் மடியில் சில்லறை போட்டுவிட்டுப் போனார். "யோவ், நான் தையற்கடை வச்சிருக்கேன், மூணு பேருக்குச் சம்பளம் குடுக்குறேன்" என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன். ஆனாலும் வந்த காசை விடுவானேன். சங்கத்து உண்டியலில் போட்டுவிட்டேன்.

அந்த வேன்தான் பதினொரு பிள்ளைகளை வீடு வீடாகப் போய் ஏற்றி, சங்கத்தின் இரண்டு அறைப் பள்ளிக்குக் கொண்டுவரும். எல்லாரும் சக்கர நாற்காலிக்காரர்கள். நான் அங்கே காலையில் தையல் சொல்லிக்கொடுப்பதால் பன்னிரண்டாவது ஆள் நான். லிஃப்ட் போனபின் டிரைவர் எங்களைக் கையாலேயே தூக்கி ஏற்றினார். இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டு, அவரையே நாலு பேர் தூக்க வேண்டியதாயிற்று. அன்று முதல் பள்ளிக்குப் பூட்டு.

பிள்ளைகளில் எட்டு வயதுக்காரி ஒருத்தி இருக்கிறாள். வாய் அப்படி, அதனால் அவளுக்குப் பெயர் மேனேஜர். தினமும் காலை ஏழரைக்கு எனக்குப் போன் செய்வாள்.

"இன்னைக்கு வேன் வருமா வராதா?"

"வராதும்மா."

"மூணு வாரமா சீருடை போட்டு உக்காந்துட்டு மறுபடி கழட்டுறேன். எங்கம்மா சிரிக்கிறாங்க. என்னதான் வேலை பாக்குறீங்க அங்க?"

எட்டு வயதுப் பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியாமல் போனை வைப்பதைப் போல அவமானம் வேறு கிடையாது.

பழைய ஆம்புலன்ஸ் ஒன்றில் கழற்றிய லிஃப்ட் மோட்டார் மெக்கானிக்கிடம் இருந்தது. விலை நாற்பதாயிரம். "திங்கக்கிழமை வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்கு மேல நிறுத்தி வைக்க முடியாது" என்று கறாராகச் சொல்லிவிட்டான். எங்கள் சங்கத்தின் சொத்தோ ஓர் உண்டியல், இரண்டு டஜன் பிளாஸ்டிக் நாற்காலி, நிறைய நல்லெண்ணம். நல்லெண்ணத்துக்கு மோட்டார் தருவதில்லை.

அவசரக் கூட்டம் போட்டோம். எங்கள் பொருளாளர் கணக்கு வாத்தியார். வயது எழுபத்தொன்று. முப்பத்து நாலு வருடம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டவர். பாதி ஊர் அவர் கைக்குக் கீழே படித்தது. கைக்குக் கீழே என்றால் பிரம்புக்குக் கீழே. அவர் எழுந்து, "நான் மைதானத்தைச் சுத்தி நடக்கிறேன். நடக்கிறதுக்கு ஏத்த மாதிரி ஜனங்க காசு குடுக்கட்டும்" என்றார். நல்ல யோசனைதான். நோட்டீஸ் வாசகத்தை நான் எழுதினேன்: "ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஊர்ப் பள்ளி மைதானத்துக்கு வாருங்கள். நம் கணக்கு வாத்தியார் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் உங்களால் முடிந்ததைத் தாருங்கள்."

அச்சடித்தது என் அக்கா வீட்டுக்காரர். அச்சகம் வைத்திருக்கிறார். காசு வாங்காமல் அடித்துத் தருவார், அந்த உரிமையில் நம் எழுத்தில் கையும் வைப்பார். ஆயிரம் நோட்டீஸை ஊர் முழுக்க ஒட்டி முடித்தபிறகுதான் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். படித்தேன். "நம் கணக்கு வாத்தியாருக்கு வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் உங்களால் முடிந்ததைத் தாருங்கள்."

"மாமா, இந்த 'க்கு' எங்கிருந்து வந்துச்சு?"

"மொட்டையா வாத்தியார்னு இருந்துச்சு. மரியாதையா இருக்கட்டுமேன்னு வாத்தியாருக்குன்னு போட்டேன்."

"மரியாதையா? ஊரையே கூப்பிட்டு அவரை அடிக்கச் சொல்லியிருக்கீங்க."

மாமா இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தார். முகம் வெளுத்தது. "நானும் அவர்கிட்டதான் படிச்சேன்" என்றார், ஏதோ அது சமாதானம் மாதிரி.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனோம். அவர் கண்ணாடியை மாட்டி, விடைத்தாள் திருத்துகிறவரைப் போல இரண்டு தடவை படித்தார். சிவப்புப் பேனா எடுத்து 'க்கு'வைச் சுழித்தார். "நாலாம் வேற்றுமை. ரெண்டெழுத்துல என் மானம் போச்சு" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் என் போன் அடித்தது. நோட்டீஸில் என் எண்தான் இருந்தது.

கறிக்கடைக்காரர் பேசினார். "வாத்தியாரை அடிக்கிறது விஷயமா கேக்கணும். ஆளுக்கு எத்தனை அடி வரைக்கும் விடுவீங்க?" போனை வைத்ததும் வங்கி அதிகாரி. முன்பதிவு உண்டா என்று கேட்டார். அடுத்தது வெளிநாட்டு அழைப்பு. லீவு கிடைக்காது, தன் பங்கைத் தம்பி வைத்தால் செல்லுமா என்றான் ஒருவன். கூப்பிட்டவர்கள் அத்தனை பேர் குரலிலும் அப்படி ஒரு உற்சாகம். கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். இங்கே கரும்பு தின்னக் காசும் கொடுத்துவிட்டு வரிசையிலும் நிற்கத் தயாராக இருந்தார்கள்.

வாத்தியார் இருட்டும் வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார். "நான் நடந்தா எவ்வளவு வரும்?"

"மூவாயிரம் வந்தா அதிகம் சார்."

"அடிச்சா?"

"இதுவரைக்கும் அறுபத்திரண்டு பேர் கேட்டுட்டாங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அடிக்கட்டும். உள்ளங்கையில மட்டும். நான் குடுத்த இடத்துலயே வாங்கிக்கிறேன்."

பிரம்பு வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கடையில் கிடந்த வெட்டுத் துணியை அடைத்து, முழ நீளத்தில் ஒரு துணிக்கோல் தைத்தேன். அவர் தன் கையிலேயே அடித்துப் பார்த்து, "கொஞ்சம் பஞ்சும் வைம்மா" என்றார். வைத்தேன்.

ஞாயிறு காலை எட்டரைக்கே மைதானத்தைத் தாண்டி வரிசை போய்விட்டது. டிரைவர் இடுப்பில் பெல்ட்டோடு வரிசையை ஒழுங்குபடுத்தினார். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். பக்கத்து மேசையில் உண்டியலோடு நான்.

முதல் ஆள் கறிக்கடைக்காரர். "எட்டாங்கிளாஸ் சார். பின்னக் கணக்கு. ஆறு அடி."

"ஆறு இல்ல, நாலு. ரெண்டு உன் பக்கத்துல இருந்தவனுக்கு."

அவர் நாலுதான் வைத்தார். காசை ஆறுக்குப் போட்டார். அடுத்து போலீஸ்காரர் ஒருவர், சீருடையோடு வந்தார். "வட்டியோட வைக்கலாமா சார்?"

"தனி வட்டியா, கூட்டு வட்டியா?"

போலீஸ்காரர் விழித்தார். "அது தெரியாமதானே அன்னைக்கும் வாங்கினே" என்றார் வாத்தியார். வங்கி அதிகாரி பெரிய நோட்டைக் கொடுத்து மீதி கேட்டபோது, எவ்வளவு மீதி என்று அவரையே மனக்கணக்காகச் சொல்லச் சொன்னார். அதிகாரி தப்பாகச் சொன்னார். வரிசையின் கடைசிக்கு அனுப்பப்பட்டார், முணுமுணுக்காமல் போனார். ஒரு லாரிக்காரர் ஆறடி உயரம், கோலை ஓங்கினார், "என்னால முடியல சார்" என்று தேம்பிவிட்டார். "அப்ப அவரோடதையும் நானே வச்சிடறேன்" என்று பின்னால் நின்றவன் முந்திக்கொண்டு வந்தான்.

என் மாமாவும் வைத்தார். மூன்று அடி, கண்ணை மூடிக்கொண்டு. அடித்துவிட்டு வாத்தியார் காலைத் தொட்டார். அவருக்குச் சிரிப்பு, எல்லாருக்கும் சிரிப்பு. வந்தவர்கள் போகாமல் மைதானத்திலேயே கூட்டம் கூட்டமாக நின்று, எனக்குப் பத்து, உனக்கு எத்தனை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். எனக்கு மட்டும் சொல்ல ஒரு எண் கிடையாது. காலையிலிருந்து எனக்குள் ஏதோ எரிந்துகொண்டே இருந்தது, அது இதுதான் என்று அப்போது புரிந்தது.

பன்னிரண்டரைக்கு வரிசை முடிந்தது. எண்ணினேன். முப்பத்தொன்பதாயிரத்து எண்ணூறு.

"இருநூறு குறையுது சார்."

அவர் சட்டைப் பையில் கைவிட்டார். உள்ளங்கை சிவந்து போயிருந்தது. "நான் போட்டுடறேன்."

"வேண்டாம். இன்னைக்கு அடிக்குத்தான் காசு. சும்மா வர்றதை வாங்கி எனக்கு அலுத்துப்போச்சு. நான் ஒரு அடி வைக்கிறேன்."

சிரித்தார். "நீ எதுக்கும்மா? உன்னை நான் ஒரு நாள்கூட அடிச்சதே இல்லையே."

"அதுக்குத்தான்."

அவர் சிரிப்பு நின்றது. என்னால் நிறுத்த முடியவில்லை. "வீட்டுக் கணக்கு எழுதாதவங்கல்லாம் எந்திரிங்கன்னு தினமும் சொல்வீங்க. எல்லாரும் எந்திரிப்பாங்க. நான் எப்படி சார் எந்திரிப்பேன்? நானும் எழுதலன்னு ஒரு நாள் சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? நீ உக்காரும்மான்னு சொன்னீங்க. நான் அஞ்சு வயசுலேருந்து உக்காந்துதான் சார் இருக்கேன்."

யாரோ களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் பாதி சிரித்தேன், மீதி அழுகையாக வந்தது. "அடி வாங்க ஆசைன்னு இல்ல. யாரையும் அடிச்சிருக்கவே வேண்டாம் நீங்க. ஆனா எல்லாரையும் அடிச்சிட்டு என்னை மட்டும் பாவம்னு விட்டீங்க பாருங்க, அதுக்கு மத்தவங்க வாங்கினதே தேவலாம். வருஷம் பூரா நான் ஒரு கணக்கும் போடல. போடலன்னு யாரும் கேக்கல."

அவர் என் கையிலிருந்த துணிக்கோலை வாங்கிக்கொண்டு, நாற்காலியை விட்டு எழுந்து நிமிர்ந்து நின்றார். முப்பது வருடத்துக்கு முந்தைய அதே குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"வீட்டுக் கணக்கு எழுதாதவங்கல்லாம் கை தூக்குங்க."

நான் தூக்கினேன். பக்கத்தில் மாமாவும் தூக்கினார். திரும்பிப் பார்த்தால் போலீஸ்காரர், கறிக்கடைக்காரர், லாரிக்காரர், வங்கி அதிகாரி என்று மைதானத்தில் நின்றவர்கள் அத்தனை பேர் கையும் மேலே இருந்தது.

"உங்களுக்கெல்லாம் அன்னைக்கே குடுத்தாச்சு. இறக்குங்க" என்றார். என் முன்னால் வந்து நின்றார். "நீட்டு."

நீட்டினேன். பயம்தான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பொத்தென்று ஒரு அடி வைத்தார்.

"வலிக்கவே இல்ல சார்."

"பஞ்சு வச்சது யாரு?" என்றார். தன் பையிலிருந்து இருநூறை எடுத்து உண்டியலில் போட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் குரலை விட்டுக்கொடுக்கவில்லை. "முதல் பயிற்சி, பத்துக் கணக்கும். புதன்கிழமை பள்ளிக்கு வரும்போது எழுதிட்டு வரணும். இல்லன்னா பஞ்சை எடுத்துடுவேன்."

"வேன் ஓடும் சார்" என்றேன். "வந்துடறேன்."