ஃப்ளெக்ஸில் நாளைய தேதி

மாசாணியம்மாள் இறந்து ஏழு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது. போத்தனூர் வீட்டு வாசலில் ரூபன் ஸ்டூல் மேல் நின்று ஃப்ளெக்ஸின் கடைசி மூலையைக் கட்டிக்கொண்டிருந்தான். கீழே ஸ்டூலைப் பிடித்திருந்த அக்கா மதிவதனிதான் முதலில் பார்த்தாள்.

"ரூபா, தேதியப் பாரு."

தோற்றம் சரியாக இருந்தது. மறைவு என்று போட்டு நாளைய தேதி அடித்திருந்தது.

ரூபன் ஃப்ளெக்ஸ் கடை மனோஜ்குமாருக்குப் போன் செய்தான். புதிதாக அடிக்கச் சாயங்காலம் ஆகும், சரியான தேதியை ஸ்டிக்கராக வெட்டித் தருகிறேன், மேலே ஒட்டிக்கொள்ளுங்கள் என்றான் அவன். அம்மாவை நாலு மணிக்கு எடுப்பதாக இருந்தது. ரூபன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மதிவதனி நிமிர்ந்து பார்த்தாள். ஆதார் அட்டைப் படத்திலிருந்து அம்மாவின் முகத்தை மட்டும் எடுத்து, கீழே வேறு யாருடைய பட்டுச்சேலையையோ வைத்திருந்தார்கள். கழுத்தில் அம்மா ஒருநாளும் போட்டிராத ஆரம். அம்மா இருந்திருந்தால், அப்ப நாளைக்கு வரைக்கும் எனக்கு டைம் இருக்குதா என்று கேட்டிருப்பாள். சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. பழக்கத்தில் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி. சுற்றிலும் பெண்கள்.

அம்மா ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ஆயா. எட்டாவது வரை படித்தவள். பத்து வருடமாக ஒரே ஒரு நாவலாசிரியரைத்தான் படித்தாள். பெயரைச் சொல்லமாட்டாள். "எங்காளு" என்பாள். அப்பா முதலில் முறைத்துப் பார்த்து, பிறகு பழகிக்கொண்டார். அந்த நாவல்களில் யாராவது செத்துக்கொண்டே இருப்பார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

"அழுதுட்டே எழுதறவங்க நெறையப் பேரு இருக்காங்க. எங்காளு அழுகறவங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்துட்டு, பக்கத்துல உக்காந்து எழுதறாருங்க."

அம்மாவுக்கு மிகவும் பிடித்தது டீசல் இடம். பிணத்தை ஏற்றிய வண்டி டீசல் தீர்ந்துபோய்ப் பங்கில் வரிசையில் நிற்கும். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து, உங்களுக்கு அவசரங்களா என்று கேட்பார்கள். இறந்தவரின் மகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லைங்க, நீங்க முன்னாடி போங்க என்பான். பதினோரு வண்டிகள் அப்படிப் போகும்.

அதை அம்மா டவுன் பஸ்ஸில் படித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த மதிவதனி எழுந்துபோய் முன்னால் நின்றுகொண்டாள். பி.எஸ்ஸி. வேதியியல் முதல் வருடம் அப்போது. கூடப் படிக்கிற பெண்கள் இரண்டு பேர் அதே பஸ்ஸில் இருந்தார்கள்.

சிரித்த இடத்தில் அம்மா ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போடுவாள். முடித்ததும் புத்தகத்தை டிவி பக்கத்தில் வைப்பாள். கூடச் சேர்ந்து சிரிக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்பாள். இரண்டு நாள் கழித்து மதிவதனியிடம் வருவாள்.

"படிச்சியா கண்ணு?"

"இல்லம்மா."

படித்தேன் என்றால் பஸ்ஸிலேயே பேச ஆரம்பித்துவிடுவாள். ஏழு வருடமாக அதே கேள்வி, அதே பதில். போன வருடம் கேள்வி நின்றுவிட்டது. பிறகு மூன்று நாட்களுக்கு முன்னால், ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு அம்மா சொன்னாள்.

"அந்த டீசல் எடத்தை நீயும் படிச்சுப்போடு கண்ணு."

செரிம்மா என்றாள் மதிவதனி. இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். எல்லோரும் விழித்திருந்தார்கள்.

இரண்டு மணிக்கு ஆமினா பீவி வந்தார். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவர். அம்மா படித்த புத்தகம் கடைசியில் அவரிடம்தான் போகும். பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மதிவதனியைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், பையிலிருந்து அந்த டீசல் நாவலை எடுத்தார்.

"இதை ரூபன் தம்பிகிட்டக் குடுத்துரு கண்ணு."

"அவனுக்கு எதுக்குங்க?"

"ஊட்டுல யாரோ படிக்கறாங்கன்னு உங்கம்மா போன வருசம் இதைத் திருப்பி வாங்கிப் படிச்சப்பக் கண்டுபுடிச்சுட்டா. அவ டிக் போடாத எடமாப் பாத்து, யாரோ சின்னச் சின்னதா வட்டம் போட்டிருந்தாங்க. உங்கப்பாவுக்குப் பொடி எழுத்து தெரியாது. நீ படிக்கலேன்னுட்ட. அப்பறம் யாரு?"

ஆமினா பீவி பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். பதினோராவது வண்டியும் போனபின் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி சொல்வாள்: "உடுங்க, அவரு என்னைக்கு முன்னாடி போனாரு." அந்த வரி ஓரத்தில் டிக் இல்லை. வட்டம் மட்டும் இருந்தது.

"இதை உட்டுப்போட்டனேன்னு அன்னைக்குப் பூராம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. எம்பையன் என்னையவிட நல்லாப் படிக்கறான்னா. கேட்டா வெக்கப்பட்டுட்டு நிறுத்திப்போடுவான்னு அவன்கிட்டக் கேக்கவேயில்ல."

போன வருடம் அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறிக்குழம்பு. நல்ல துண்டெல்லாம் ரூபன் தட்டில் விழுந்தது. இன்னைக்கு என்ன விசேசம் என்று கேட்டான் அவன். கிரிக்கெட் ஸ்கோரைத் தவிர எதையும் படிக்காதவன். "தின்னு சாமி" என்றாள் அம்மா. அவன் தின்று முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மதிவதனி சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள். ரூபன் மறுபடி ஸ்டூலில் ஏறி, ஸ்டிக்கரின் பின்தாளை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தான். அது உடனே வரவில்லை.

மதிவதனி புத்தகத்தோடு கூடத்துக்குப் போனாள். பேசிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெட்டியின் கண்ணாடியில் நீர் பூத்திருந்தது. துப்பட்டாவால் துடைத்தாள். முகம் தெரிந்தது.

"அம்மா" என்றாள். பஸ்ஸில் கடைசி சீட் வரைக்கும் கேட்கிற குரல்.

"வட்டம் போட்டது ரூபன் இல்லம்மா. நான்."