மண்ணுக்குள் முப்பது பனை

உங்கட சப்பாத்துக்குக் கீழ ஒரு பனை நிக்குது, ஐயா. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. ஐயோ, அங்க வேண்டாம், அங்க இன்னொண்டு.

சறோஜினிதேவி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு, சிரிப்பு வெளியே வந்துவிடாமல் மணலைப் பார்த்தாள். அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த அதிகாரி அரியநாயகம் குடையை விரித்துப் பிடித்தபடி வாய்க்கால் கரையில் நின்றார். கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்து, மாற்றலாகி யாழ்ப்பாணம் வந்து இரண்டு மாதமே ஆனவர். கரையில் மணலையும் ஆட்டுப் புழுக்கையையும் தவிர ஒன்றும் இல்லை.

"எங்க தங்கச்சி, மரங்கள்?"

"இதில தான், ஐயா."

"எதில?"

"இந்தக் கரை முழுக்க."

அவர் குடையோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவளுடைய அண்ணன் சிவபாதம் சால்வையைச் சரிசெய்தார். கச்சேரி என்ற சொல்லைக் கேட்டாலே அவர் கை சால்வைக்குப் போய்விடும்.

தீவில் மண்கும்பான் பக்கமாகக் கடலுக்கு இறங்கும் அந்த வாய்க்கால் மழைக்கு மட்டும்தான் வாய்க்கால். மற்ற மாதங்களில் ஆடு படுக்கிற இடம். முந்தின வருடம் கார்த்திகையில் வந்த வெள்ளம் கரையை அரித்து, மூன்று பனைகளின் வேரை வெளியே எடுத்துவிட்டது. மூன்றும் பள்ளிக்கூடப் பாதைக்கு மேலே சாய்ந்து நின்றன. காற்றடித்தால் அந்த இடத்தில் ஊரே ஓடும். தலைமை ஆசிரியர்கூட வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, மரங்களைத் தாண்டியதும் வேட்டியை இறக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதவர்போல நடப்பார்.

பனை தறிக்கக் கச்சேரியின் அனுமதி வேண்டும். கரை அவளுக்குச் சீதனமாக எழுதிய காணி. சீதனம் வாங்க மாப்பிள்ளை வரவில்லை. ஆனாலும் உறுதிப் பத்திரத்தில் பெயர் அவளுடையதாகவே இருந்தது. ஆகவே விண்ணப்பம் அவள் பெயரில் போயிற்று, பதிலும் அவள் பெயரில் வந்தது. முப்பத்தேழு வயதில் அவளுக்கென்று வந்த முதல் அரசாங்கக் கடிதம். தறிக்கும் ஒரு மரத்துக்குப் பத்து மரம் வீதம் அதே கரையில் நட்டு, ஆறு மாதத்தில் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது.

ஆவணியில் மரம் தறிக்கிற கதிர்காமு வந்து மூன்றையும் விழுத்தினான். முதல் மரம் வாய்க்காலுக்குக் குறுக்கே விழுந்து ஒருநாள் பாலமாகக் கிடந்தது. பிள்ளைகள் எல்லாம் ஏறி ஓடின. அவளும் ஏறினாள். இரண்டு கையையும் விரித்து, கீழே தண்ணீர்கூட இல்லாத வாய்க்காலைக் கடந்தபோது உள்ளே ஒரு சிரிப்புக் குமிழியிட்டது. அந்தக் குமிழி அதற்குப் பிறகு அடங்கவே இல்லை.

கடிதம் எழுதினவர் மரம் நடுவது என்றால் கன்று நடுவது என்று நினைத்திருக்க வேண்டும். பனைக்குக் கொட்டைதான். கொட்டை முளைவிட்டால் முளை முதலில் கீழே போகும். மாதக்கணக்காக மேலே ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் கிண்டினால் கிழங்கு, விட்டால் மரம். ஊரில் எல்லோரும் கிழங்குக்காகக் கொட்டைகளை நெருக்கிப் பாத்தி போட்டிருந்தார்கள். பாணும் இல்லை, மாவும் இல்லை என்று தீவெல்லாம் காயவைத்த ஒடியலுக்கும் பச்சைக் கிழங்குக்கும் திரும்பியிருந்த வருடம் அது. அவள் மட்டும் நாலு எட்டுத் தூரத்துக்கு ஒன்றாக, மரத்துக்காக வைத்தாள். மத்தியானத்தில் ஊர் படுத்திருக்கும் நேரத்தில், மூன்று நாளில், முப்பது. அடையாளத்துக்கு ஒரு தடிகூட நடவில்லை. தடி நட்டால் அடுத்த நாளே யாராவது மண்ணைக் கிண்ட அலவாங்கோடு வந்துவிடுவார்கள்.

ஆகவே முப்பது இடங்களும் அவள் தலைக்குள் மட்டுமே இருந்தன. அவளிடம் அதற்கு முன் இரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை. ஒளித்து வைக்க யாரும் அவளுக்கு எதையும் தந்ததில்லை. பின்னேரங்களில் ஆடு கட்டப் போகிற சாட்டில் கரையில் நடப்பாள். பனைகளை மிதிக்காமல் ஒரு எட்டு நீளமாக, ஒரு எட்டுக் குறுக்காக வைப்பாள்.

"மச்சாள், காலில முள்ளே குத்தினது?" என்று அண்ணன் மனைவி சீதேவி வேலிக்கு மேலால் கேட்பாள்.

"இல்லை மச்சாள், மணல் சுடுது."

"மாரியிலயோ?"

பனை காய்க்க இருபது வருடம் ஆகும். அப்போது அவளுக்கு ஐம்பத்தேழு வயது. அந்த எண்ணிக்கை வந்த நாளில் அவள் அடுப்படியில் உட்கார்ந்து தனியே சிரித்தாள். கடைசியாக வந்த சம்பந்தம் அவளுடைய இருபத்தொன்பதாவது வயதில் குழம்பியது. அதோடு அவளுக்காக யாரும் எதையும் யோசிப்பதை விட்டுவிட்டார்கள், அவளும் விட்டுவிட்டாள். இப்போது ஐம்பத்தேழு வயதில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது: கரையில் நின்று, எது ஆண் பனை, எது பெண் பனை என்று பார்ப்பது.

"நான் பாக்காததைப் பாத்தன் எண்டு எழுத ஏலாது" என்றார் அரியநாயகம். "ஒண்டையாவது காட்டுங்கோ."

அவள் அலவாங்கை எடுத்தாள். அவருடைய சப்பாத்தை நாகரிகமாக நகரச் சொல்லி, அந்த இடத்திலேயே கிண்டினாள். முழங்கை நீளத்தில், வெளிர் மஞ்சளாக, கொட்டை தலையில் தொங்க, கிழங்கு வெளியே வந்தது.

"என்ர ஐயோ, என்ன பருமன்!" வேலிக்கு அப்பால் நின்ற சீதேவி இந்தப் பக்கம் வந்துவிட்டாள். "இதையோ மச்சாள் இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சிருந்தனீர்?"

அரியநாயகம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இதுவோ மரம்?"

"ஓம், ஐயா."

"திருப்பி நட்டால் வளருமோ?"

"வளராது. கிண்டினால் இனிக் கிழங்குதான்."

"அப்ப நீங்கள் எனக்குக் காட்டினது மரமில்லை."

"காட்டுறதுக்கு முந்தி மரம், ஐயா."

அவர் யோசித்தார். குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். "சரி. அப்ப மிச்சம் இருபத்தொன்பது."

"ஓம்."

"இருபத்தொன்பது இருக்குதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கிண்டினால் தெரியும்."

"கிண்டினால் இருபத்தெட்டு."

"ஓம், ஐயா."

முதலில் சிரித்தது யார் என்று அவளுக்குப் பிறகு நினைவில்லை. ஆறு மாதமாக அடக்கியிருந்தது எல்லாம் ஒரேயடியாக வந்தது. இரண்டு பனைகளுக்கு நடுவே இடம் பார்த்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்நிய ஆண் ஒருவருக்கு முன்னால் இப்படிச் சிரிக்கிறேன் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அந்தக் குரலும் சிரித்துக்கொண்டே சொன்னது. அரியநாயகம் குடைக்குள் குலுங்கினார். சீதேவி காரணம் தெரியாமலே கண்ணைத் துடைத்தாள். சிவபாதம் மட்டும், கச்சேரி சிரிக்கும்போது தானும் சிரிக்கலாமா என்று தெரியாமல், சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூண்டு மரம் தறிச்சது. மரத்துக்கு ஒண்டாய்க் குறைஞ்சது மூண்டு பாக்க வேணும்" என்றார் அரியநாயகம் மூச்சு வாங்கியபடி.

அந்தச் சிரிப்போடு அவள் எழும்பிப் போய் இன்னும் இரண்டைக் கிண்டினாள். மூன்றாவது கையில் வந்த பிறகுதான் சில்லென்று ஒன்று உறைத்தது. இவ்வளவு லேசாகக் கொடுத்துவிட்டேனே. இன்னும் கொஞ்சம் சிரித்திருந்தால் முப்பதையும் கொடுத்திருப்பேன்.

சீதேவி மூன்றையும் பறித்துக்கொண்டு குசினிக்கு ஓடினாள். அரியநாயகம் ஏற வேண்டிய, குறிகட்டுவானிலிருந்து திரும்பும் நாலு மணி பஸ் வர நேரம் இருந்தது. உப்பும் மிளகும் உள்ளியும் இடித்து, அவித்த கிழங்கை ஆவி பறக்கக் கொண்டுவந்து, முற்றத்தில் அவர் உட்கார்ந்திருந்த கதிரைக்கு முன்னால் வைத்தாள். அரியநாயகம் முழுக் கிழங்கைக் கடிக்கப் போனார்.

"அப்பிடியில்லை, ஐயா!" சீதேவி அதை வாங்கி நெடுக்காகப் பிளந்தாள். நடுவில் இருந்த மெல்லிய குருத்தை இழுத்து எடுத்துத் தட்டத்தின் ஓரத்தில் போட்டாள்.

"இதென்ன?"

"ஓலை, ஐயா" என்றாள் சறோஜினிதேவி. "இன்னும் கொஞ்ச மாதத்தில மேல வந்திருக்கும். நீங்கள் பாக்க வந்தது அதைத்தான்."

அவர் குருத்தைப் பார்த்தார். பிறகு கிழங்கைத் தின்றார். ஒன்று முடிந்து, இரண்டாவதில் பாதியும் முடிந்தது. பற்களுக்குள் மாட்டிய நாரை நாக்கால் தேடியபடி பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"நல்ல சாமான். ஆனால் தங்கச்சி, மூண்டைப் பாத்திட்டு முப்பது எண்டு கையெழுத்து வைக்க ஏலாது. மிச்சம் இருபத்தேழையும் கிண்டிக் காட்டுங்கோ. நட்டிருக்குது எண்டு எழுதிறன். அலுவல் முடிஞ்சுது."

"ஆனியில வாருங்கோ, ஐயா. ஓலை வந்திருக்கும்."

"ஆறு மாதம் எண்டுதான் கடிதத்தில கிடக்கு. இந்தக் கிழமை அனுப்ப வேணும். காட்டாட்டி, நடேல்லை எண்டுதான் எழுதுவன்."

"கிண்டிக் காட்டு, பிள்ளை" என்றார் சிவபாதம். "பிறகு வழக்கெண்டு கோட்டுப் படி ஏறுறது ஆர்? வாற ஆவணியில வேணுமெண்டால் திருப்பி நடுவம். கொட்டைக்கோ பஞ்சம்?"

சீதேவி ஏற்கெனவே கிழங்கு போடக் கடகத்தை எடுத்து இடுப்பில் வைத்திருந்தாள். மூன்று பேரும் சறோஜினிதேவியைப் பார்த்தார்கள். மூவருமே நல்லவர்கள், கிழங்கு தின்ற மூவருடைய வாயிலும் அவளுடைய பனை மணத்தது. அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. ஆனால் இந்த முறை அது அவளை எங்கும் இழுத்துக்கொண்டு போகவில்லை. தலைமுதல் கால்வரை நிறைத்துக்கொண்டு அப்படியே நின்றது.

"எழுதுங்கோ, ஐயா. நடேல்லை எண்டு எழுதுங்கோ" என்றாள்.

சிவபாதம் எழும்பி அலவாங்கைத் தானே எடுத்துக்கொண்டார். "உனக்குக் கை நோகுதெண்டால் நான் கிண்டுறன். எங்கெங்க எண்டு மட்டும் சொல்லு."

"சொல்லமாட்டன், அண்ணை" என்றாள் அவள், தேத்தண்ணீர் போடட்டோ என்று கேட்கிற அதே குரலில்.