சீசியம், சீசர், கொம்மவாரு

1

இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. சீசியம் என்ற தனிமத்தைப் பற்றி ஏதோ பார்க்கக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தேன். பக்கத்திலேயே சீசர். தேடி வந்ததை மறந்துவிட்டேன். அங்கிருந்து சமாரியம், சமாரியா, சுமேரியா என்று தாவினேன். ஒன்று தனிமம், ஒன்று பழைய நகரம், ஒன்று அதைவிடப் பழைய நாடு. இவையெல்லாம் பங்காளிகளா, வெறும் முகஜாடைதானா? இந்தக் குடைச்சலை நானே வைத்துக்கொண்டால் கட்டுரையாகிவிடும் என்று பாலாமணியிடம் கொடுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "கரிசல் வெடித்துக் கிடந்த சித்திரையில்..."

(வேண்டாம். இந்தப் பக்கத்துக் கதைகளில் கரிசல் வெடித்தது போதும்.)

இரண்டாவது: அறுபத்தெட்டாம் வருஷம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் காலை பஸ். ஜன்னலோரம் பாலாமணி, பள்ளிக்கூடத்தில் தமிழும் வரலாறும் நடத்துகிறவள். முன் இருக்கையில் அதே பள்ளியின் அறிவியல் ஆசிரியர் நாகசுப்பிரமணியன்.

"சார், மக்னீசியத்துக்கும் கிரீஸுல இருக்கிற மக்னீசியாவுக்கும் சொந்தம் உண்டா?"

"உண்டு டீச்சர். அந்த ஊர்ப் பேருதான்."

"சமாரியமும் சமாரியாவும்?"

"ம்ஹூம். அது சமார்ஸ்கின்னு ஒரு ரஷ்யாக்காரர் பேர்ல வந்தது."

"கலிப்பாவும் கலீபாவும்?"

"அது உங்க பாடம். என்னையக் கேட்டா?"

"பாட்டுக்கும் பாக்தாத்துக்கும் என்ன சார் சம்பந்தம்!" என்று சிரித்தவள், "சரி, சீசியமும் சீசரும்?" என்றாள்.

அவர் திருச்சுழி வரும்வரை யோசித்தார். "சீசியம்னா லத்தீன்ல வானநீலம். சீசர் வம்சத்துல யாருக்கோ நீலக்கண்ணு, அதான் அந்தப் பேருன்னு ஒரு கட்சி. இல்லைங்கிறது ஒரு கட்சி. யாருக்கும் தெரியாது டீச்சர்."

தெரியாது என்று ஒரு வாத்தியார் வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டதில்லை. அன்றைக்கே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

(எனக்குத்தான் இவர்மேல் சந்தேகம். குறையே இல்லாத மனிதர் எங்கே இருக்கிறார்? பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைவார் என்று சேர்த்துக்கொள்கிறேன்.)

3

கல்யாணப் பேச்சு எழுந்தது. இரண்டும் நெசவுக் குடும்பம், ஒரே சாதி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்தப் பேச்சையும் நான் தமிழில்தான் தருகிறேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுப்பேர் உண்டு. வீட்டுப்பேர் ஒன்றானால் பங்காளி. பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. பாலாமணி கொம்மவாரு. பந்தல்குடிப் பக்கமிருந்து குடிவந்த நாகசுப்பிரமணியன் கொம்முவாரு.

ஓரெழுத்துதான் வித்தியாசம். ஒரே வீடா, வேறு வேறா? இங்கேயும் இரண்டு கட்சி. பெரியவர்கள் ஒரு வழி சொன்னார்கள். பங்காளிகள் சாவுத் தீட்டைச் சேர்ந்தே காப்பார்கள். இந்த இரண்டு வீடும் எந்தச் சாவுக்காவது சேர்ந்து தலை முழுகியதுண்டா? இல்லை. அப்படியானால் வைகாசியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. பாலாமணிக்கு அவ்வளவு சந்தோஷம்; அன்றைக்குப் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் அவளே டிக்கெட் எடுத்தாள்.

4

நிச்சயத்துக்கு முன்பே நாகசுப்பிரமணியனின் பெரியப்பா திம்மையா இறந்துபோனார். (நான்தான் கொன்றேன். வேறு வழியிருந்தால் சொல்லுங்கள்.)

கேதம் சொல்ல வந்த வெள்ளத்துரை, பாலாமணி வீட்டு வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "கொம்முவாரு வீட்டுல திம்மையா பெரியவரு தவறிட்டாக. நீங்க முழுகுறீகளா, வெறுமன வாரீகளா? அங்க போயிச் சொல்லணும்."

அப்பா வேங்கடபதி தறியைவிட்டு எழுந்து வந்தார். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கில்லை. சாவு விஷயத்தில் பயந்தவர், அவ்வளவுதான். "எதுக்கு வம்பு? முழுகிட்டா தப்பில்ல. முழுகாம விட்டாத்தான் தோஷம்" என்று தொட்டியில் சொம்பை விட்டு மொண்டார்.

"அப்பா, ஊத்தாதீக!"

"ஏம்மா? செத்தவுகளுக்கு ஒரு மரியாதை."

"ஊத்திட்டா பங்காளின்னு ஆயிரும்ப்பா. அவுக எனக்கு அண்ணனாயிருவாக."

சொம்பு தலைக்கு மேலே நின்றது. "ரெண்டும் வேற வீடுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

தெரியும் என்று ஒரு பொய் சொன்னால் போதும், அவர் நம்பிவிடுவார். "தெரியாதுப்பா. உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது."

5

முதல் முடிவு: அவர் ஊற்றிவிடுகிறார். மறுநாளிலிருந்து அவள் அடுத்த பஸ்ஸுக்குப்... (அடித்துவிட்டேன். எழுதவே கை வரவில்லை.)

இரண்டாம் முடிவு: அவள் சொம்பைப் பிடுங்கி எறிகிறாள். (இதுவும் வேண்டாம். அப்பாவை அப்படி எதிர்க்கிறவள் இல்லை அவள். நானாக அவள் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை.)

மூன்றாவது என்னிடம் இல்லை. வெள்ளத்துரை அவசரப்படுகிறார்; அவர் இன்னும் பல வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேங்கடபதிக்குக் கை வலிக்கிறது. தனக்கே தெரியாததை மகளிடம் கேட்டாயிற்று, அவளுக்கும் தெரியவில்லை. இப்போது நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார்.

"நீங்க சொல்லுங்க. ஊத்தவா, வேண்டாமா?"