நடுப்பலகை

விடிந்தும் விடியாமலும் மிக்சர் மெஷின் உறுமத் தொடங்கிவிட்டது. கம்பம் டவுனில் அந்தச் சந்து அத்தனை குறுகல். லிஃப்ட் வைத்த பெரிய மெஷின் உள்ளே நுழையாது. அதனால் சின்ன மெஷின் குழைத்துக் கொட்டுகிற காங்கிரீட்டைச் சட்டி சட்டியாகக் கைமாற்றி, இரண்டாம் மாடித் தளத்துக்கு நாங்கள்தான் ஏற்ற வேண்டும். தரையில் நிரப்புகிறவர்கள், சாரத்தின் மூன்று பலகைகளில் நின்று வாங்கிக் கொடுக்கிறவர்கள், மேலே கொட்டி மட்டம் பிடிக்கிறவர்கள், எல்லாம் சேர்த்துப் பதினாலு பேர். முதல் அரை மணி நேரத்திலேயே தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும். பிறகு வலியும் மரத்துப்போகும். சிமெண்ட் தண்ணீர் முழங்கை வழியாக ரவிக்கைக்குள் இறங்கி எரியும். சொறியக்கூட நேரம் இருக்காது, அடுத்த சட்டி வந்துவிடும்.

நான் சங்கிலியம்மாள், அனுமந்தன்பட்டிக்காரி. பதினோரு வருடமாகச் சித்தாள். அன்று எனக்கு மேல்பலகை. எனக்கு நேர் கீழே, நடுப்பலகையில் ரிஸ்வானா. அவளுக்குக் கீழே முதல் பலகையில் ஜெபராணி. ஜெபராணி தூக்கிக் கொடுப்பதை ரிஸ்வானா வாங்கி எனக்குத் தர வேண்டும்.

ரிஸ்வானா சாரத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை. அந்த விஷயம் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அவள் உத்தமபாளையத்துக்காரி. புருஷன் சலீம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பு ஓட்டியவன். கம்பம்மெட்டு வளைவில் ஜீப்பு கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் ஒரு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறான். இவள் ரவிக்கை தைத்துப் பார்த்தாள், கட்டுப்படியாகவில்லை. ஊரில் தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் கம்பத்துக்கு வந்து, ஆள் எடுக்கிற முக்கில் மூன்று நாள் நின்றாள். மூன்று நாளும் ஒருவரும் எடுக்கவில்லை. தையல் மெஷின் பிடித்த கையைப் பார்த்ததுமே காண்ட்ராக்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் முக்கில் ஒரு வழக்கம் உண்டு. புது ஆள் தன்னந்தனியாக வேலைக்கு ஏற முடியாது. "யாரோட ஆளு?" என்று கேட்பார்கள். பழைய ஆள் ஒருத்தி "என் ஆளு" என்று சொன்னால்தான் வண்டியில் இடம். புதியவள் சொதப்பினால் மறுநாள் கூட்டிவந்தவளுக்கும் வேலை கிடையாது. அதனாலேயே பாதிப்பேர் புது ஆட்களைக் கண்டால் தெரியாதது போலத் திரும்பிக்கொள்வார்கள். நானும் எத்தனையோ தடவை திரும்பிக்கொண்டவள்தான்.

அன்று காண்ட்ராக்டர் ராஜமணி வண்டியை நிறுத்தி, ரிஸ்வானாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரோட ஆளு இது?"

"என் ஆளுதாண்ணே."

"சாரம் ஏறுமா?"

"ரெண்டு வருசமா ஏறுது."

வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். புது ஆள் என்றால் தரையில் சட்டி நிரப்பத்தான் நிறுத்துவார்கள், அந்த இடம் காலியில்லை. ஏறத் தெரியாது என்று சொன்னால் வண்டியிலேயே ஏற்ற மாட்டார். ரெண்டு வருசம் என்று நான் சொன்னதைக் கேட்டு, வழுக்கிற நடுப்பலகையில் கொண்டுபோய் அவளை நிறுத்துவார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அடி ஆத்தீ, அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எனக்குப் பயம்.

ஏறும்போதே இன்னொன்றையும் பார்த்தேன். பலகைக்கு வெளிப்பக்கம் இடுப்பு உயரத்தில் குறுக்கே கட்டியிருக்கும் சவுக்குக் கம்பைக் காணோம். கயிறு கட்டிய தடம் மட்டும் மரத்தில் இருந்தது. பின்னால் சாய்ந்தால் பிடிக்க ஒன்றுமில்லை. அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

"தரையப் பாக்காத," என்று மட்டும் ரிஸ்வானாவிடம் சொன்னேன். "குடுக்கிறவ மூஞ்சியப் பாரு. சட்டி தானா கைக்கு வரும்."

"சரிக்கா," என்றாள். உதடு வெளுத்திருந்தது. வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தாள்.

ஒரு மணி நேரம் ஒப்பேற்றிவிட்டாள். மேகமலைப் பக்கம் மேகம் கறுத்துக் கீழே இறங்கிவந்தது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று ராஜமணி தரையில் நின்று கத்தினார். "ஏத்து, ஏத்து! கையில என்ன வெண்ணெயா இருக்கு?" சட்டிகள் வேகம் பிடித்தன. மேலே கொத்தனார் சுருளியாண்டி காலிச் சட்டிகளை மணல் குவியலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தார். அதில் ஒன்று ரிஸ்வானாவின் காதோரமாகப் பறந்து போனது.

அவள் அதன் பின்னாலேயே பார்வையை விட்டுவிட்டாள். சட்டி போய் விழுகிற வரைக்கும் பார்த்தாள். தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் கண்டாள் போலிருக்கிறது. ஜெபராணி தூக்கிக் கொடுத்த நிறைச்சட்டி அவள் விரல்களைத் தொட்டது, நின்றது, சரிந்தது.

"யா அல்லாஹ்!"

சட்டி ஜெபராணியின் தலையில் இறங்கியிருக்க வேண்டியது. அவள் கையைக் குறுக்கே கொடுத்தாள். விளிம்பு முழங்கைக்குக் கீழே கிழிக்க, சட்டி தரையில் போய் விழுந்தது. சிமெண்டும் ரத்தமும் கலந்து பலகையில் ஒழுகின. ரிஸ்வானா சாரத்தின் கால்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றாள். ஒரு கால் பலகைக்கு வெளியே தொங்கியது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது, அவள் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் மரத்திலிருந்து எடுக்க முடிந்தது.

நாங்கள் தரைக்கு வந்ததும் ராஜமணி பாய்ந்தார். ஜெபராணியின் கையைக்கூட அவர் பார்க்கவில்லை.

"ஏய், நீ சாரமே ஏறாதவதானே? எங்கிட்டயே பொய் சொல்லி ஏறிருக்க! ஒரு உசுரு போயிருந்தா யாரு ஜெயிலுக்குப் போறது? கெளம்பு. இப்பவே கெளம்பு." என் பக்கம் திரும்பியதும் குரலைத் தணித்தார். "சங்கிலி, உன்னையச் சொல்லல. உன்னையும் ஏமாத்திருக்கா இவ. நீ மேல ஏறு, மழை வருது."

பழியிலிருந்து நழுவ எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். ஆமாண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பிழைப்பு தப்பிக்கும். என் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாங்க," என்றாள் ரிஸ்வானா. "நாந்தான் பொய் சொன்னேன். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுக்கக் குனிந்தாள். தூக்கின் மூடி கழன்று உருண்டது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. வெட்கமா கோபமா, சொல்லத் தெரியவில்லை. மனுசியா நான்?

"இல்லண்ணே. பொய் சொன்னது நானு. ஏறாதவன்னு தெரிஞ்சேதான் ரெண்டு வருசமா ஏறுதுன்னு சொன்னேன். அவ வாயே தொறக்கல."

சேலைத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்த ஜெபராணி நிமிர்ந்தாள்.

"அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா என் தலைக்கு மேல இவள நிறுத்துன? கர்த்தர் காப்பாத்துனாரு, இல்லாட்டி எம்புள்ளைக தெருவுலதான நிக்கும்?"

"ஆமாக்கா. தப்புத்தான்."

"தப்பாம், தப்பு!" அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வந்தவள் என்னைக் கடந்துபோய்ச் சாரத்தின் மரத்தில் அந்தக் கயிற்றுத் தடத்தைத் தடவினாள். "இங்கன இருந்த கம்பு எங்க? நேத்து இருந்துச்சே. அது இருந்திருந்தா இவ அதப் புடிச்சு நின்னுருப்பாளே. கம்பு எங்க அண்ணே?"

மேலேயிருந்து பதில் வந்தது. சுருளியாண்டி தளத்தின் விளிம்பில் குத்த வைத்திருந்தார்.

"நேத்து பொழுதுசாய நாந்தான் அவுத்து வண்டியில ஏத்துனேன். சின்னமனூர் சைட்டுக்கு வேணும், இங்கன ஒரு நாளு சமாளிச்சுக்கலாம்னு அண்ணன் சொன்னாக. எனக்கும் மனசு கேக்கல. ஆனா சொல்லல."

அவரும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது. அத்தனை பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பயந்துகொண்டு, அந்தப் பலகையில் ஏறி நின்றிருக்கிறோம்.

"சரி, கம்பு கம்புன்னு என்ன பெரிய கம்பு?" ராஜமணி சுதாரித்துக்கொண்டார். "எத்தன வருசமா இப்படித்தான் ஓடுது. ஜெபராணிக்கு ரெண்டு தையல் போட்டா ஆறிரும். இவளுக ரெண்டு பேரும் கெளம்பட்டும், மத்தவுக ஏறுங்க. பாதித் தளத்துல நிக்குது. காங்கிரீட் இறுகிருச்சுன்னா ஒட்டாது, பின்னால ஒழுகும். வீட்டுக்காரருக்கு யாரு பதில் சொல்றது?"

அதுதான் அவருடைய பயம். தளம் போடத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. ஒன்றரை மணி நேரம் கழித்துப் புதுக் காங்கிரீட்டைப் பழையதன் மேல் சேர்த்தால் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும், மழைக்குக் கசியும். இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வருடத்தில் மற்ற நாளெல்லாம் நாங்கள் அவரைப் பார்த்துப் பயப்படுகிறோம். அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் அவருக்கு எங்கள் கை வேண்டும்.

ஜெபராணி மணல் குவியலில் போய் உட்கார்ந்தாள். "நா ஏற மாட்டேன்."

அவள் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். பிறகு இரண்டு பேர். மெஷின் ஓட்டுகிற பிரின்ஸ் கொஞ்ச நேரம் எங்களையும் ராஜமணியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து மெஷினை அணைத்தான். சந்து முழுக்கச் சட்டென்று அமைதியாகிவிட்டது. அந்த அமைதிதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

"ஏலே பிரின்ஸு, போடுறா மெஷின!"

"கம்பு வரட்டும்ணே," என்றான்.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

யார் சொல்வது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் நானே சொன்னேன்.

"மூணு பலகைக்கும் கம்பு கட்டணும். ஜெபராணிய இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். ரிஸ்வானா இருக்கணும். இனி புது ஆளு யாரு வந்தாலும் மொதல்ல தரையில நிக்கட்டும், சாரம் ஏறத் தெரியாதுன்னு சொன்னா அதுக்காக வெரட்டக் கூடாது. தெரியாதுன்னு சொல்ல முடிஞ்சிருந்தா நா பொய்யே சொல்லிருக்க மாட்டேன்."

ராஜமணி சிரித்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"கூடலூருலருந்து தேனி வரைக்கும் அம்புட்டுக் காண்ட்ராக்டரும் இருக்கிற குரூப்பு இது. உங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் இதுல போடுறேன். அதுக்கப்புறம் எவன் சைட்டுல நீங்க சட்டி தூக்குறீகன்னு பாக்குறேன். நில்லு, அங்கனயே நில்லு."

போனை எங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவர் வெறும் பேச்சுக்குச் சொல்கிறவர் இல்லை. போன வருடம் ஒருத்தியின் படத்தை இப்படித்தான் போட்டார்கள். அவள் இப்போது திருப்பூரில் எங்கேயோ இருக்கிறாளாம். ரிஸ்வானா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சலீமின் உறவுக்காரர்கள் யாராவது அந்தக் குரூப்பில் இருப்பார்களோ என்று அவளுக்குப் பயம்.

மணல் சரிகிற சத்தம் கேட்டது. ஜெபராணி எழுந்து வந்தாள். என் மேல் இருந்த கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கும் ரிஸ்வானாவுக்கும் நடுவில் வந்து, ரத்தம் ஊறிய கையைப் படத்தில் விழுகிற மாதிரித் தூக்கிப் பிடித்து நின்றாள்.

"என்னையும் சேத்து எடுங்கண்ணே. கையி நல்லா விழணும்."

"நீ தள்ளு, உன்னையவா எடுக்கிறேன்?"

அவள் தள்ளவில்லை. மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துவந்து எங்கள் பின்னால் நின்றார்கள். பிரின்ஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஓரத்தில் நின்றான். சுருளியாண்டி ஏணி வழியாக மெல்ல இறங்கினார். அறுபதை நெருங்குகிற மனிதர், இனிமேல் வேறு எங்கே போய் வேலை தேடுவார்? அவரும் வந்தார், தலைத்துணியை அவிழ்த்து முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டு நின்றார். ராஜமணி இரண்டடி பின்னால் போனார். அப்போதும் எல்லோரும் படத்துக்குள் அடங்கவில்லை, இன்னும் இரண்டடி போனார். கடைசியில் அவர் முதுகு மெஷினில் இடித்தது.

போனில் படம் எடுத்த சத்தம் கேட்டது. அனுப்பினாரா, இல்லையா தெரியாது. கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. அனுப்பினால் ஜெபராணியின் கையும் சேர்ந்துதான் போகும். ஒரு துளி மழை என் கையில் விழுந்தது.

ரிஸ்வானா முந்தானையை விலக்கினாள். அன்று முழுவதும் அவள் ராஜமணியின் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"கம்பக் கட்டச் சொல்லுங்க. கட்டுனா, அதே பலகையில நான் ஏறுறேன்."

எங்கள் எல்லோருக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் பதினாலு பேரில் ஒருவரும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.